மாசி எள்: செடி ஓங்கியும் காய் பிடிக்காதது ஏன்?

கேள்வி: சம்பா அறுத்த வயலில் மாசியில் ஏக்கருக்கு 4 கிலோ எள் தெளித்து, ஒரு மூட்டை டிஏபி போட்டோம். செடி மளமளவென்று உயர்ந்தது. காயோ நுனியில் நாலைந்துதான். விதை மோசமா, உரம் போதவில்லையா?
- பாபநாசம் வட்டார விவசாயி

விதைமேல் பழி போடாதீர்கள். நெருக்கம்தான் மகசூலைத் தின்றிருக்கிறது. ஆயிரம் எள்ளின் எடை 3 கிராமுக்கு மேல் தேறுவது அரிது. அப்படியானால் 4 கிலோவில் 13 லட்சம் விதைக்குக் குறையாது. வேண்டிய செடியோ ஏக்கருக்குச் சுமார் 44,000, சதுர மீட்டருக்கு 11. நெருக்கத்தில் வெளிச்சம் தேடித் தண்டு மேலே ஓடும், கீழ்க்கணுக்களில் கிளை வெடிக்காது. கிளை இல்லாமல் காய் எங்கே பிடிக்கும்?

2 கிலோ விதை போதும். 8 கிலோ காய்ந்த மணலில் கலந்து, பாதியை நெடுக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தெளியுங்கள். சம்பா வயல் களிமண்ணை ஈரத்தோடு உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். கட்டிக்கடியில் சிக்கிய எள் மேலே வராது. கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் உழுது பொடியாக்குங்கள். விதை 3 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஒரு அடி இடைவெளியில் வரிசையாக விதைக்க முடிந்தால் இன்னும் நல்லது, களையெடுப்பும் சுலபம்.

எப்படி விதைத்தாலும், நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கிச் செடி கலைத்தே ஆக வேண்டும். கூலியை நினைத்துப் பலர் விட்டுவிடுவது இதைத்தான். 15-ஆம் நாள் செடிக்குச் செடி அரை அடி, 30-ஆம் நாள் ஒரு அடி. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் தண்டு ஓடிவிடும், கலைத்தும் பலன் குறைவு. இன்னொரு மூட்டை உரத்துக்குக் கொடுக்கும் பணத்தை இந்தக் கூலிக்குக் கொடுங்கள்.

இறவை (தண்ணீர் பாய்ச்சும்) எள்ளுக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 14, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 9, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 9 கிலோ. 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து மட்டுமே 23 கிலோ. சாம்பல்சத்து துளியும் இல்லை. அதற்குப் பதில் யூரியா 30, சூப்பர் பாஸ்பேட் 58, பொட்டாஷ் 15 கிலோ அடியுரமாக இடுங்கள். சூப்பரில் கந்தகமும் சேர்ந்து வருகிறது. எண்ணெய்ப் பிடிப்புக்கு அது அவசியம். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படியே அளவு. விதைத்தபின் 2 கிலோ மாங்கனீசு சல்பேட்டை 18 கிலோ மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள், கிளறி மூட வேண்டாம்.

பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஈரம் காயக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது, வேரழுகல் வந்துவிடும்.

இப்போது நிற்கும் பயிருக்கு யூரியா தூவாதீர்கள், தழைதான் கூடும். அடியிலைகள் கால்வாசி உதிர்ந்து கீழ்க்காய்கள் மஞ்சளானதும் அறுத்துவிடுங்கள். முற்றவிட்டால் காய் வெடித்து, இருப்பதும் வயலில் கொட்டிவிடும்.