ஒரே மாத்திரை, அப்பாவுக்கு 2.5 மி.கி., பெரியப்பாவுக்கு 20 மி.கி.: அளவு தவறிவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. தொடை ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து இரண்டு வாரம் ஆகிறது. ஆஸ்பிரினோடு ரிவரோக்சாபான் 2.5 மி.கி. காலை, இரவு எழுதியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்குக் காலில் ரத்தக்கட்டி வந்தபோது இதே மாத்திரையை 20 மி.கி. கொடுத்தார்கள். அப்பாவுக்கு அளவு குறைந்துவிட்டதா? ஆஸ்பிரின் மட்டும் போதாதா?

பதில்:

அளவு தவறவில்லை. இருவருக்கும் காலில் அடைப்பு என்றே வீட்டில் பேசிக்கொண்டிருப்பீர்கள், ஆனால் அடைத்தவை வேறு வேறு குழாய்கள். பெரியப்பாவுக்கு அடைத்தது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. அப்பாவுக்கு அடைத்தது இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி. சிரை அடைத்தால் கால் வீங்கிக் கனக்கும். தமனி அடைத்தால் கால் வெளுத்துச் சில்லிடும்.

சிரையில் ரத்தம் மெதுவாக ஓடும். நாள்கணக்கில் படுத்துக் கிடந்தாலோ, பெரிய அறுவை சிகிச்சை நடந்தாலோ அது தேங்கி, ஃபைப்ரின் என்ற புரத இழைகளில் சிவப்பணுக்கள் சிக்கி உறையும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அங்கே முழு அளவு தேவை: முதல் 21 நாள் 15 மி.கி. இரு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை, சாப்பாட்டோடு. தமனியில் ரத்தம் வேகமாக ஓடும். கொழுப்புப் படிவு வெடித்த இடத்திலோ, பலூனும் ஸ்டென்டும் உரசிய இடத்திலோ முதலில் வந்து ஒட்டுபவை தட்டணுக்கள். ஆஸ்பிரின் அவற்றைத் தூண்டும் பல வழிகளில் ஒன்றை, அதாவது த்ராம்பாக்ஸேன் வழியை மட்டுமே அடைக்கிறது. த்ராம்பின் என்ற நொதி தட்டணுவை இன்னும் பலமாகத் தூண்டும், ஃபைப்ரினையும் அதுவே நெய்யும். ஆஸ்பிரினால் அதைத் தொட முடியாது. ரிவரோக்சாபான், உறைதல் சங்கிலியின் பத்தாம் காரணியைத் தடுத்து, த்ராம்பின் உருவாவதையே குறைக்கிறது. இரண்டு மாத்திரைகளும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பது இதனால்தான்.

கால் தமனி நோயைக் கொழுப்பு நோயாக மட்டும் பார்த்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பார்வையை அசைத்த ஆய்வு 2018-இல் வெளியானது. ரத்த ஓட்டம் இல்லாமல் துண்டிக்கப்பட்ட கால்களை 75 நோயாளிகளிடமிருந்து பெற்று, 239 தமனிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்த தமனிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றில் ரத்தக்கட்டி இருந்தது. அப்படிக் கட்டி இருந்த தமனிகளில் மூன்றில் இரண்டு பங்கில் சொல்லும்படியான கொழுப்புப் படிவே இல்லை. குறிப்பாக முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களை அடைத்தது பெரும்பாலும் உறைந்த ரத்தம். உறைதலைத் தடுக்காமல் கொழுப்பை மட்டும் குறைத்தால் ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் முழு அளவையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2007-இல் வெளியான வேவ் ஆய்வில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோனியா ஆனந்த் குழுவினர், தமனி நோய் உள்ள 2,161 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் போன்ற தட்டணு மருந்தோடு வார்ஃபரின் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவுக்கு இலக்கு 2 முதல் 3 வரை. மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் குறிப்பிடும்படி குறையவில்லை. உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவோ 1.2 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏறியது. கேள்விக்கு நேர் பதில் இந்த ஆய்வில்தான் இருக்கிறது: தமனி நோய்க்கு ஆஸ்பிரினோடு முழு அளவு உறைதடுப்பு மருந்தைச் சேர்த்தால் பலன் கூடவில்லை, கசிவு மட்டும் கூடுகிறது. இதயத்துடிப்பு ஒழுங்கின்மை போல முழு அளவுக்கு வேறு காரணம் இருப்பவர்களின் கணக்கு தனி.

பத்தாண்டு கழித்து, 2017-இல், அதே பல்கலைக்கழகத்திலிருந்து காம்பஸ் ஆய்வு வந்தது. மொத்தம் 27,395 பேர். அவர்களில் கால் அல்லது கழுத்துத் தமனி நோய் உள்ள 7,470 பேரின் முடிவுகளைத் தனியே பகுத்து எழுதியவரும் சோனியா ஆனந்த்தான். ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரின் 100 மி.கி. மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதோடு ரிவரோக்சாபான் 2.5 மி.கி. இரு வேளை. சராசரியாக 21 மாதம் கண்காணித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம், காலை இழக்கும் அளவுக்கு அடைப்பு ஆகிய எல்லாம் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. கால் தொடர்பான பெரிய பாதிப்பு மட்டும் ஏறக்குறைய பாதியானது. பெரிய ரத்தக்கசிவு 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஏறியது. நூறு பேருக்குக் கொடுத்தால் மூன்று பேர் தப்பிக்கிறார்கள், ஒருவருக்குக் கசிவு கூடுகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கசிவில் பெரும்பகுதி குடல், இரைப்பையில்தான்.

அதே ஆய்வில் மூன்றாவது பிரிவும் இருந்தது: ஆஸ்பிரின் இல்லாமல் ரிவரோக்சாபான் மட்டும், 5 மி.கி. இரு வேளை. மொத்தத்தில் அது ஆஸ்பிரினைவிடத் தெளிவாகச் சிறந்ததென்று நிரூபணமாகவில்லை, கசிவு மட்டும் கூடியது. "இரண்டு எதற்கு, ஆஸ்பிரினை விட்டுவிடலாமே" என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அப்பாவின் நிலைக்கு இன்னும் பொருத்தமானது 2020-இல் வந்த வாயேஜர் ஆய்வு. இதில் சேர்ந்த 6,564 பேரும் காலில் பலூன், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் முடித்தவர்கள். ஓட்டம் சரியானதும் பத்து நாளுக்குள், ஆஸ்பிரினோடு ஒரு பிரிவுக்கு இதே மருந்தையும் இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரையையும் தொடங்கினார்கள். மூன்றாண்டு முடிவில், திடீர்க் கால் அடைப்பு, கால் துண்டிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்ந்த மொத்தப் பாதிப்பு 19.9 சதவீதத்திலிருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தது. திடீரெனக் கால் அடைத்துப்போவது 7.8-இலிருந்து 5.2 ஆனது. ஸ்டென்ட் வைத்த பிறகும் ஐந்தில் ஒருவருக்கு மூன்றாண்டில் ஏதோ ஒன்று நடக்கிறது என்ற அந்த 19.9-ஐத்தான் நான் முதலில் கவனிப்பேன். ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி மருந்து எதற்கு என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பது அதில் தெரிகிறது.

இனி வீட்டில் பார்க்க வேண்டியவை. இந்த மருந்தின் வீரியம் அரை நாளில் பெருமளவு இறங்கிவிடும், ஆகவே காலை எட்டு, இரவு எட்டு என்று நேரம் பிடித்துப் போட வேண்டும். 2.5 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடலாம். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் ஒன்று மட்டும் போதும், இரண்டாகப் போடக் கூடாது. மருந்துக்கடையில் 2.5, 10, 15, 20 என்று நான்கு அளவு இருக்கும், நிறுவனம் மாறினால் அட்டையின் தோற்றமும் மாறும். ஒவ்வொரு முறையும் அட்டையில் 2.5 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். பெரியப்பா வீட்டில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துப் போடும் யோசனை வேண்டவே வேண்டாம்.

தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மருந்தான க்ளோபிடோக்ரெலும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்டென்டுக்குப் பிறகு சிறிது காலம் மூன்றும் சேர்ந்து வருவது உண்டு. வாயேஜரில் ஏறக்குறைய பாதிப் பேர் அதையும் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ரிவரோக்சாபானின் பலன் மாறவில்லை, ஆனால் க்ளோபிடோக்ரெல் 30 நாளைத் தாண்டியவர்களிடம் கசிவு கூடியது. எந்தத் தேதியில் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நிறுத்தும் தேதி எழுதாததால் மாதக்கணக்கில் மூன்றும் ஓடுவதுதான் இந்த சிகிச்சையில் நடக்கும் முக்கியமான பிழை.

அடுத்த பிழை வலி மாத்திரை. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் என்று கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் இரைப்பையில் கசிவு வர வாய்ப்பு மிக அதிகம். பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை ரிவரோக்சாபானின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ரகோனசோல் மாத்திரைகள் அதை ஏற்றிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மலம் தார் போலக் கறுத்தால், காரணமில்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் வந்தால், அன்றே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், மூளையின் நுண்குழாய் அடைத்து வரும் லாக்குனார் வகைப் பக்கவாதம் வந்தவர்கள், சிறுநீரக வடிதிறன் (eGFR) 15-க்குக் கீழே இறங்கியவர்கள் ஆகியோரைக் காம்பஸில் சேர்க்கவே இல்லை. அப்பாவுக்கு இவற்றில் ஏதாவது இருந்து, மருத்துவரிடம் சொல்ல விட்டுப்போயிருந்தால், நாளைக்கே சொல்லுங்கள். பீடி, சிகரெட்டால் இளவயதிலேயே விரல்நுனி கறுக்கும் பர்கர் நோய்க்கும் இந்த ஆய்வுகள் பொருந்தாது. அது குழாய்ச் சுவரின் அழற்சி. அங்கே புகையிலையை அடியோடு விடுவதே காலைக் காக்கும் முதல் சிகிச்சை.

ஸ்டென்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க, டாப்ளர் ஸ்கேனோடு கணுக்கால்–கை அழுத்த விகிதமும் எடுப்பார்கள். பத்து நிமிடம் மல்லாந்து படுத்த பிறகு, கணுக்காலில் கிடைக்கும் இரண்டு தமனி அழுத்தங்களில் கூடுதலானதை, இரண்டு கைகளில் கூடுதலான அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கணுக்காலில் 96, கையில் 138 என்றால் 0.70. பொதுவாக 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களிடம் இந்த எண் ஏமாற்றும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையால் அதை அழுத்தவே முடியாமல் 1.4-க்கு மேல் காட்டும், அல்லது அடைப்பு இருந்தும் இயல்பு போலக் காட்டும். அப்போது பெருவிரல் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த விரல்களின் தமனி அவ்வளவாக இறுகுவதில்லை. அங்கே விகிதம் 0.70-க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் திடீரென அந்தக் கால் கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால், அது விடியும் வரை காத்திருக்கும் காரியமே அல்ல. ரத்தம் முழுதாக நின்றால் தசையும் நரம்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் தாங்கும். விரல் அசைக்க முடியாமல் போனால் நேரம் இன்னும் குறைவு. எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, உணர்ச்சியற்ற தோல் வெந்துபோவது தெரியாது. வீக்கத்துக்குச் செய்வதுபோல் காலை உயர்த்தவும் கூடாது, இருக்கிற சொற்ப ஓட்டமும் குறையும். பஞ்சோ துணியோ தளர்வாகச் சுற்றிக்கொண்டு, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

அங்கே உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கி, கால் எந்த அளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். உணர்ச்சி கொஞ்சமே குறைந்து, விரல்கள் அசைந்தால், மெல்லிய குழாயைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி ஆல்ட்டெப்ளேஸ் போன்ற மருந்தை மணிக்கு 0.5 முதல் 1 மி.கி. வீதம் சொட்டவிட்டு, ஓரிரு நாளில் கரைக்கலாம். அடைப்பு 14 நாளுக்குள் வந்திருந்தால் இந்த முறை நன்றாக உதவும் என்று 1994-இல் வந்த ஸ்டைல் ஆய்வு காட்டியது. பலவீனம் தொடங்கிவிட்டால் அவ்வளவு நேரம் கிடையாது. தாமஸ் ஃபோகார்ட்டி உருவாக்கி 1963 முதல் வழக்கில் இருக்கும் பலூன் குழாயால் கட்டியை இழுத்தெடுப்பது, கருவியால் உறிஞ்சியெடுப்பது போன்ற விரைவான வழிக்குப் போவார்கள். ஓட்டம் திரும்பிய பின் கெண்டைக்கால் தசை வீங்கி இறுகி, மறுபடி ஓட்டத்தையே நெரிக்கலாம். அதற்காகத் தோலையும் தசையுறையையும் நீளமாகக் கீறித் திறந்து வைத்தால் பயப்படாதீர்கள், காலைக் காப்பாற்றத்தான் அது.

கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ரிவரோக்சாபான் கடைசியாக எப்போது போட்டார் என்பது. அந்த நேரத்தையும், அவர் கடைசியாக நன்றாக நடந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.