குதிரைக் குட்டியைச் சவாரிக்குப் பழக்குவது: வாசகர் கேள்வி – பதில்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தை முடிந்ததும், இளங்குதிரை வாங்கியவர்களின் கேள்விகள் வரிசையாக வரும். அவற்றில் சவாரிப் பழக்கம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சந்தையில் கத்தியவாரி (குஜராத் குதிரை இனம்) கலப்பு ஆண் குட்டி வாங்கினோம். மூன்று வயது முடிந்துவிட்டது, உடனே ஏறலாம் என்றார் விற்றவர். ஏறலாமா? (வாசகர், பவானி)

பதில்: முதலில் வயதை நீங்களே பாருங்கள். கீழுதட்டை விலக்கினால் முன்பற்கள் தெரியும். பால் பல் சிறியது, வெண்மையானது, ஈறு அருகே ஒடுங்கியிருக்கும். நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சள், மேலிருந்து கீழாகக் கோடு ஓடும். நடு ஜோடி ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அதற்கடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். உங்கள் குட்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு மட்டும் நிலைப்பல்லாக இருந்து, அவையும் முழுதாக வளராமல் இருந்தால் மூன்று வயது ஆகவில்லை என்று பொருள்.

பல்லைவிட முக்கியம் எலும்பு. குதிரையின் எலும்பு முனைகள் கீழிருந்து மேலாக முற்றுகின்றன. குளம்புக்கு மேலுள்ள சிறு எலும்புகள் முதல் ஆண்டிலேயே முற்றிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேல் முற்ற இரண்டு, இரண்டரை ஆண்டு ஆகும். முதுகெலும்பு முற்றுவது கடைசியில், ஐந்தரை வயதை ஒட்டி. நாம் உட்காரும் இடம்தான் கடைசியாக உறுதிப்படுகிறது என்பதால் அவசரம் வேண்டாம். இரண்டரை வயதில் தரைப் பயிற்சி, மூன்றரையை ஒட்டி லேசான ஆள் சில நிமிடம், ஐந்துக்குப் பிறகு முழு வேலை. இப்படிப் பழக்கிய குதிரைதான் பதினெட்டு வயதிலும் முதுகு வலிக்காமல் நடக்கும்.

அடுத்தது எடை. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் சுமார் 312 கிலோ. நன்கு வளர்ந்து, வேலையில் பழகிய குதிரைக்கே எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. பழகும் குட்டிக்கு 15 விழுக்காடு போதும். இந்தக் குட்டிக்கு அது 47 கிலோ, அதுவும் சேணத்தையும் சேர்த்து. எழுபது கிலோ ஆள் முதலில் ஏற நினைப்பதை இதற்காகவே தடுக்கிறோம். எடை குறைந்த, ஆனால் சவாரி நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். சவாரி தெரியாத சிறுவனை ஏற்றுவது இரண்டு உயிருக்கும் ஆபத்து.

கேள்வி: ஏறுவதற்கு முன் என்னென்ன பழக்க வேண்டும்? எத்தனை நாள் ஆகும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நாள் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு படி உறுதியானால் அடுத்த படி. சாதுவான குட்டிக்கே இரண்டு மாதத்துக்குக் குறையாது.

எல்லாப் படிக்கும் அடிப்படை ஒன்றுதான். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விலகும் நொடியால். பின்வாங்கச் சொல்லிக்கொடுக்க, மார்பில் இரண்டு விரலை வைத்து அழுத்துங்கள். ஒரு குளம்பு பின்னே போன கணமே விரலை எடுத்துவிடுங்கள். இரண்டு நொடி தாமதித்தால், எதைச் செய்ததற்காக விட்டோம் என்பது அதற்குப் புரியாது. பயம் போக்குவதிலும் இதே விதி. சேணத் துணியைக் காட்டியதும் குட்டி விலகுகிறது, நீங்களும் துணியை எடுத்துவிடுகிறீர்கள் என்றால், விலகினால் துணி போய்விடும் என்ற பாடத்தை நீங்களே நடத்திவிட்டீர்கள். அது பொறுக்கிற தொலைவில் துணியைப் பிடியுங்கள், அசையாமல் நின்று மூச்சு விட்டதும் எடுங்கள். பிறகு ஓர் அடி நெருங்குங்கள்.

வரிசை இதுதான். தலைக்கயிற்றில் (வாயில் இரும்பு இல்லாமல் தலையில் மாட்டும் கயிறு) இழுக்காமல் கூட நடக்க வேண்டும், 'நில்' என்றதும் நிற்க வேண்டும், பின்வாங்க வேண்டும், பின்பகுதியை இரு பக்கமும் நகர்த்த வேண்டும். உடல் முழுக்க, வயிற்றின் அடி, தொடையின் உட்புறம் வரை கை வைக்க விட வேண்டும். எதையும் இடப்பக்கம் மட்டும் பழக்கி நிறுத்தாதீர்கள். இடப்பக்கம் பார்த்துப் பழகிய துணி வலப்பக்கம் வந்தால் மிரளும் குட்டிகள் ஏராளம். ஏறும் ஆளின் கால் வலப்பக்கம் இறங்கும்போது மிரள்வதும் இந்தக் குறையால்தான்.

அடுத்தது நீளக்கயிற்றில் வட்டமாகச் சுற்றுவது. கயிறு 7 முதல் 8 மீட்டர், வட்டத்தின் குறுக்களவு 15 மீட்டருக்குக் குறையக் கூடாது. வட்டம் சிறுத்தால் கால் மூட்டுகள் ஒருபக்கமாக முறுக்கப்படும். இரு திசையும் சேர்த்துப் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடியுங்கள், கையுறை போடுங்கள்.

பலர் விட்டுவிடும் படி, இரட்டைக் கயிற்று நடை. தலைக்கயிற்றின் இரு பக்க வளையத்திலும் ஒவ்வொரு நீளக்கயிறு மாட்டி, முதுகையும் வயிற்றையும் சுற்றிக் கட்டும் முதுகுப் பட்டையின் வளையங்கள் வழியாக விட்டு, உதை எட்டாத தொலைவில் பின்னால் சற்று ஓரமாக நடப்பது. அதற்கு முன் கயிறு பின்னங்கால்களில் உரசினால் மிரளாதபடி பழக்கியிருக்க வேண்டும். திரும்புவது, நிற்பது, தனியாக முன்னே நடப்பது, லாரி, நாய், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் கடப்பது ஆகிய அத்தனையும் முதுகில் ஆள் இல்லாமலே கற்றுவிடும். இந்தப் படிக்கு இரண்டு மூன்று வாரம் கொடுத்தால், ஏறிய பின் வரும் சண்டைகளில் பெரும்பாதி வராது.

கேள்வி: கடிவாளம் போட்டால் தலையை மேலே தூக்கி உதறுகிறது. முள் வைத்த கடிவாளம் போட்டால் அடங்கும் என்கிறார்கள். (வாசகர், தேனி)

பதில்: முள் வேண்டவே வேண்டாம். வலியால் தலை தூக்குகிற குதிரைக்கு மேலும் வலி கொடுத்தால், முன்னங்காலைத் தூக்கி நிற்கப் பழகும். மல்லாந்து விழுந்தால் ஆள் பிழைப்பது அரிது. இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், 1965இன் 8ஆவது விதி முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்திருக்கிறது என்பதும் உங்களிடம் சொன்னவருக்குத் தெரியட்டும்.

கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் சிறு ஓநாய்ப் பல் இருக்கலாம். கடிவாளத்தின் வாயிரும்பு இடித்தால் அது வலிக்கும். கடிவாளம் பழக்கும் முன்பே எடுத்துவிடுவது வழக்கம். இரண்டரை முதல் நான்கு வயது வரை கடைவாய்ப் பால்பற்களும் விழும் காலம் என்பதால், நேற்று வரை ஒழுங்காக இருந்த குட்டி இன்று உதறலாம். அந்த வாரம் தலைக்கயிற்றோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

இரும்பின் அளவு வாயின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் கால் முதல் அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழுகிற உயரத்தில் தொங்க வேண்டும். வழவழப்பான, நடுவில் மூட்டுள்ள சாதாரண வாயிரும்பான ஸ்னாஃபிலே போதும். போடும்போது பல்லில் இடிக்காமல், உதட்டோரத்துப் பல்லில்லாத இடைவெளியில் கட்டைவிரலை விட்டால் தானாக வாய் திறக்கும். ஒரு வாரம் வார் பூட்டாமல், இரும்பை மட்டும் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் சுமக்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தபடி.

கேள்வி: சேணம் கட்டியதும் எகிறியது. சேணம் வயிற்றுக்கடியில் சுழன்றுபோய், அதை உதைத்து உடைத்துவிட்டது. இப்போது சேணத்தைக் கண்டாலே ஓடுகிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வயிற்று வாரை மெல்ல இறுக்க வேண்டும் என்று நினைத்து, தொளதொளவென விட்டுவிட்டால் நடப்பது இது. இறுகக் கட்டி முதுகைப் பிடித்தாலும் எகிறும். சேணம் நழுவாத அளவு முதல் கட்டு, பத்து அடி நடத்தல், ஒரு துளை, மறுபடி நடத்தல், இன்னொரு துளை. குதிரை மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால் நடத்தாமல் இறுக்கிய வாரை நம்பக் கூடாது. கடைசியில் வாருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இந்தப் பாடத்தின்போது கம்பத்தில் கட்டிப்போடாதீர்கள், கயிற்றைக் கையில் பிடியுங்கள். கட்டிய குதிரை பின்னே இழுத்து மாட்டிக்கொண்டால் பயம் இரட்டிப்பாகும்.

உங்கள் குட்டிக்கு இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மார்பெலும்பு, அக்குள், தோள்மேடு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) மூன்றிலும் புண், வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் ஆறும் வரை ஒன்றும் கட்ட வேண்டாம். பிறகு மடித்த துண்டு, அடுத்து நம்தா (சேணத்துக்கு அடியில் போடும் கம்பள விரிப்பு), அடுத்து அகலமான முதுகுப் பட்டை. பட்டையோடு நடை, வட்டம், இரட்டைக் கயிறு எல்லாம் அலுத்துப்போகும் அளவு செய்த பிறகே அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாத சேணம். கடைசியாக அங்கவடியைத் தொங்கவிட்டு, விலாவில் அது தட்டிக்கொண்டே நடக்கப் பழக்குங்கள். உருண்டை முதுகுள்ள மட்டக்குதிரை என்றால் மார்பு வாரும் வால் வாரும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: ஏறும் நாளில் யார் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? (வாசகர், ஓசூர்)

பதில்: ஏறுபவர், தலை பிடிப்பவர், தூக்கிவிடுபவர் என மூன்று பேர். ஏறுபவருக்குத் தலைக்கவசமும் குதிகால் உள்ள காலணியும் கட்டாயம். குதிரையின் கழுத்தில் பழைய தோல் வார் ஒன்றைக் கட்டுங்கள், பிடித்துக்கொள்ள அதுதான். கடிவாள வாரில் தொங்கக் கூடாது. பின்னங்காலில் லாடம் இன்னும் அடிக்காமல் இருந்தால் நல்லது. சுற்றி வேலியுள்ள, மண் மெத்தென்ற இடம், காலை வெயில் ஏறுமுன். பத்து நிமிடம் வட்டத்தில் சுற்றவிட்டுத் தொடங்குங்கள்.

தலை பிடிப்பவர் ஏறுபவர் நிற்கும் பக்கமே நிற்க வேண்டும். ஏதாவது நேர்ந்தால் தலையைத் தன் பக்கம் இழுப்பார், பின்பகுதி ஆளை விட்டு விலகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் உதைக்கும் கால் ஏறுபவர் மேல் வரும்.

முதல் நாள் அரை மீட்டர் உயர மேடையில் நிற்பது மட்டும். ஆள் தன்னைவிட உயரத்தில், கண்ணுக்குப் பின்புறமாகத் தெரிவதே குதிரைக்குப் புதிது. மேடையிலிருந்து குனிந்து சேணத்தைத் தட்டுங்கள், எதிர்ப்பக்க விலாவைத் தடவுங்கள், இரு கையால் எடையைக் கொடுத்து எடுங்கள். அது பழகியதும் வயிறு சேணத்தில் படிய, மூட்டை போலக் குறுக்கே படுக்க வேண்டும். பத்து நொடி, இறங்கல். இரு பக்கமும் மூன்று முறை. அடுத்த பாடத்தில் படுத்த நிலையிலேயே நாலைந்து அடி நடத்தல். குதிரை பதறினால் ஏறுபவர் வழுக்கி இறங்கிவிட வேண்டும், முந்தைய படிக்குப் போக வேண்டும்.

இது சலனமில்லாமல் நடந்த பிறகே கால் போடுவது. உடம்பைத் தாழ்த்தி, பூட்ஸ் பிட்டத்தில் படாமல் காலைக் கொண்டுபோய், தொடையால் தாங்கிக்கொண்டு மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழுந்தால் இத்தனை வாரப் பாடமும் வீண். பிறகு மெல்ல நிமிருங்கள். இறங்கும்போது இரு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு வழுக்குங்கள். முதல் முறை ஒரு நிமிடம், அந்த வாரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்குள்.

நடத்துவது பிடிப்பவர் வேலை. ஏறியவர் 'நட' என்று சொல்லி, கெண்டைக்காலால் லேசாகத் தொட வேண்டும். பிடிப்பவர் உடனே நடக்க வேண்டும். தெரிந்த சொல்லோடு தெரியாத தொடுதலைச் சேர்த்துக் கொடுப்பதால் நான்கைந்து நாளில் தொடுதல் மட்டுமே போதுமானதாகிவிடும். அதன் பிறகு கயிற்றை நீளவிட்டு, கடைசியில் கழற்றுங்கள். நடை, நிறுத்தம், இரு பக்கத் திருப்பம் மூன்றும் சரியான பிறகு துள்ளுநடை. அப்போது முதுகில் குந்தியே இருக்காமல், நடையின் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பாய்ச்சல் இன்னும் பல வாரம் கழித்து, நேரான பாதையில்.

கேள்வி: ஏறும்போது சிலைபோல நிற்கிறது. முதல் அடி எடுத்ததும் வெடித்துக் கிளம்புகிறது. சாதுவான குட்டிதான். (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: அது சாதுவாக நிற்கவில்லை, பயத்தில் உறைந்து நிற்கிறது. வால் ஒடுங்கி, கழுத்து இறுகி, மூச்சு அடங்கி, கண் இமைக்காமல் இருக்கும். தளர்ந்த குதிரையின் காது அசையும், தலை தாழும், நீளமாக மூச்சு விடும். உறைந்த குதிரையை நேராக முன்னே நடத்தாதீர்கள். தலையைப் பக்கவாட்டில் சற்றுத் திருப்பி, பின்பகுதியை ஓர் அடி இடப்பக்கம், ஓர் அடி வலப்பக்கம் நகர்த்தினால் முதுகின் பிடிப்பு விடும். அதற்கும் இளகாவிட்டால் அன்று ஏறும் வேலை இல்லை.

கேள்வி: மணல் மூட்டை கட்டி, ஆற்று மணலில் களைக்கும் வரை ஓட்டிவிட்டு ஏறுவது எங்கள் ஊர் முறை. சரியா? (வாசகர், கரூர்)

பதில்: களைத்த குதிரை கற்பதில்லை, தாங்குகிறது. அடுத்த நாள் தெம்பு வந்ததும் பழைய கதைதான். ஆழ்மணல் ஓட்டம் இளங்கால்களின் தசைநார்களைப் பாழாக்கும், அது ஆற மாதக்கணக்கில் ஆகும். மூட்டை ஆளைப் போலச் சமநிலை பார்க்காது, ஒரு பக்கம் சரிந்து தொங்கும். கோயம்புத்தூர் வாசகருக்கு நேர்ந்ததுதான் நடக்கும்.

கேள்வி: சுழி பார்த்து வாங்கியதால் எளிதில் பழகுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சுழி வாங்கும் விலையை மாற்றும், பழகும் வேகத்தை மாற்றாது. அதுவரை அதைத் தொட்ட கைகள் எப்படிப்பட்டவை என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏறத் தொடங்கி மூன்று வாரம். நன்றாக நடந்த குட்டி இப்போது வாசலைத் தாண்ட மறுக்கிறது, காதை மடக்குகிறது. (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: அடிக்கும் முன் முதுகைப் பாருங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். முதுகு பட்டென்று பள்ளமானால் வலி இருக்கிறது. சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள், நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது. வாயையும் மறுபடி காட்டுங்கள். தீவனத்தையும் கணக்கிடுங்கள். வேலை குறைவான குட்டிக்குக் கொள்ளும் தானியமும் அள்ளிப் போட்டால் துடிப்பு மிகும். புல்லும் உலர்தீவனமும்தான் அடிப்படை உணவு, உலர்ந்த எடையில் கணக்கிட்டால் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு.

எல்லாம் சரியாக இருந்தால் வெளியே தனியாகப் போகத் தயங்குகிறது என்று கொள்ளலாம். நிதானமான மூத்த குதிரை ஒன்றை முன்னே விட்டு நான்கைந்து முறை போய் வாருங்கள், பிறகு பக்கத்தில், பிறகு உங்கள் குட்டி முன்னே. வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூன்றரை வயதுக் குட்டி என்றால் ஆறு, எட்டு வாரம் இப்படிச் சவாரி செய்த பின் ஒரு மாதம் மேய்ச்சலில் விட்டுவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது முதுகுப் பட்டையிலிருந்து இரண்டு நாள் நினைவூட்டிவிட்டு ஏறலாம்.