நச்சரிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘வரதட்சணை கேட்டு நச்சரித்த கணவன்’ என்று செய்திகளில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த இடத்தில் அந்தச் சொல் சப்பென்று இருக்கிறது என்கிறார் என் மனைவி. நச்சு என்றால் விஷம், அப்படியென்றால் கடுமையான சொல்தானே என்பது என் வாதம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ம.

அன்புள்ள ம.,

நான் உங்கள் மனைவி கட்சி.

நச்சு என்றால் விஷம் மட்டுமில்லை, நச்சுதல் என்றால் விரும்புதலும்கூட. ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற குறளில் (1008) இரண்டும் வருகின்றன. யாரும் நாடாதவனின் பணம், ஊர் நடுவே பழுத்த விஷ மரம். உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயரில் இருப்பதும் விருப்பம்தான், பாவம், அவரை விஷத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஆனால் நச்சரிப்பு என்றதும் நம் காதில் விழுவது இவை எதுவுமில்லை. ‘நச்சு நச்சுனு உயிரை வாங்காதே’ என்கிறோமே, அந்த நச்சு. அதோடு ‘காசு கேட்டு அரிக்கிறான்’ என்பதில் வரும் அரிப்பு.

திருவிழாக் கடைத்தெருவில் பாருங்கள். பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பலூன், பலூன் என்று நாலு கடை தாண்டியும் விடாது. அம்மா முறைப்பாள், அதட்டுவாள், கடைசியில் ‘நச்சரிக்காதே, வாங்கித் தொலைக்கிறேன்’ என்பாள். அந்தத் ‘தொலை’யைக் கவனியுங்கள். கொடுத்துத் தொலைத்தேன், கூட்டிப்போய்த் தொலைத்தேன் என்றுதான் நச்சரிப்பு முடியும். எரிச்சல் உண்டு, பயம் கிடையாது. மாட்டேன் என்று சொல்லும் பிடி கேட்கப்படுகிறவர் கையில் இருக்கிறது. கெஞ்சுகிறவர் தாழ்ந்து கேட்கிறார், நெருக்குகிறவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பலம் இருக்கிறது. நச்சரிக்கிறவருக்கு இருப்பது உரிமையும் ஓயாத வாயும்தான். மேலதிகாரி நச்சரிக்கிறார் என்றும் சொல்கிறோம், சரி. ஆனால் அது அவர் இல்லாதபோது அவரைச் சின்னப் பிள்ளையாக்கிச் சொல்லும் கேலி.

இப்போது அந்தச் செய்திக்கு வருவோம். அடுத்த வேளை அடி விழுமா, பிறந்த வீட்டுக்குத் துரத்துவார்களா என்று நடுங்கும் பெண்ணிடம் நகை கேட்பதை நச்சரிப்பு என்று எழுதினால், அந்த ஆள் பலூனுக்கு அழும் பிள்ளையாகிவிடுகிறான். படிக்கிறவர், கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தாலும் நினைப்பார். வேலைக்குப் போகும் பெண்ணைப் பின்தொடர்கிறவன் ‘காதலிக்கும்படி நச்சரித்தான்’ என்று எழுதுவதும் இதே வகைதான்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் நிருபர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம். திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே மிரட்டியிருந்தால் ‘மிரட்டிய கணவன்’ என்று எழுதலாம். மிரட்டவில்லையா, ‘வரதட்சணை கேட்ட கணவன்’ என்றாலே போதும்.