அப்பா தொட்டாலே கத்தும் செஸ் மெஷின்: கோளாறு மெஷினில் இல்லை

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. க்ளாக்கோமாவில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஒருகாலத்தில் ரயில்வே கிளப்பில் செஸ் ஆடியவர். அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் பேசும் செஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தார். அப்பா காய்களைத் தடவிப் பார்த்தாலே அது பீப் அடிக்கிறது, தப்பான நகர்த்தல் என்கிறது. சர்வீஸ் கடையில் சென்சார் போர்டே போய்விட்டது, மாற்ற 2,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்த வகை மெஷின்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் அழுத்தத்தை உணரும் ஒரு தாள் இருக்கும். காயை நகர்த்தும்போது, இருக்கும் கட்டத்தில் ஒரு அழுத்து, போகும் கட்டத்தில் ஒரு அழுத்து. அது எந்தக் காய் என்றெல்லாம் மெஷினுக்குத் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். உங்கள் அப்பா குதிரை எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுகிறார், மெஷின் அதை நகர்த்தல் என்று எடுத்துக்கொள்கிறது, ரெண்டாவது கட்டத்தைத் தொட்டதும் கத்துகிறது. கண் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுத் தொடுவார்கள், அவர் தொட்டுத்தான் பார்க்க முடியும். இதை யோசிக்காமல் செய்த பொருள் அது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் 1980 வாக்கில் வந்த முதல் பேசும் செஸ் மெஷினான ஃபிடெலிட்டி வாய்ஸ் செஸ் சேலஞ்சரில் இருந்த குரல் சிப், அதற்குச் சில வருஷம் முன்பே பார்வையற்றோருக்கான பேசும் கால்குலேட்டரில் வேலை செய்த சிப்! பிறகு வந்தவர்களோ "டாக்கிங்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே "செக்", "நல்ல நகர்த்தல்" என்று கிண்டலும் பாராட்டும் மட்டும் பேசும் மெஷின்களையும் விற்றார்கள். மெஷின் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு நகர்த்துகிறது என்பதை விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுடையது கட்டத்தின் பெயரைச் சொல்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் அப்பாவுக்கு அது உதவாது, பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

சொல்கிறது என்றால் வழி சுலபம், அப்பாவுக்குத் தனியாக ஒரு போர்டு. பார்வையற்றோருக்கான செஸ் போர்டில் கட்டத்துக்குக் கட்டம் ஓட்டை இருக்கும், காயின் அடியில் இருக்கும் முளை அதில் உட்காரும், தடவினால் சாயாது. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும், ஒரு தரப்புக் காய்களின் தலையில் சின்ன முள் மாதிரி ஒரு அடையாளம். அவர் இதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தடவட்டும். போட்டி விதியே அப்படித்தான்: காயை ஓட்டையிலிருந்து வெளியே எடுத்தால்தான் "தொட்டதாக" கணக்கு. நகர்த்தலை முடிவு செய்த பிறகு மெஷினில் அழுத்துவது மட்டும் வேறு யாராவது, வீட்டில் யாரும் இல்லையென்றால் அவரே ஓரத்திலிருந்து கட்டத்தை எண்ணி. கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

கட்டத்தின் பெயர் ஈ5, டி7 என்று ஒரு ஆங்கில எழுத்தும் எண்ணும். சின்ன ஸ்பீக்கரில் பி, டி, ஈ, ஜி எல்லாம் ஒரே மாதிரிதான் காதில் விழும். பார்வையற்றோர் போட்டிகளில் இதற்காகவே ஏ முதல் ஹெச் வரைக்கும் அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, பெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அவருக்குச் சொல்லும்போது இப்படிச் சொல்லுங்கள், பாதிச் சண்டை குறையும்.

இனி "கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வைக்கும் இன்னொரு விஷயம், சிப்பாயைச் சிப்பாய் வெட்டும் ஆன் பசான் என்ற விசேஷ விதி. உங்கள் வெள்ளைச் சிப்பாய் ஈ5-இல் நிற்கிறது. மெஷின் தன் சிப்பாயை டி7-இலிருந்து ஒரே தாவலில் டி5-க்குக் கொண்டுவருகிறது. அடுத்த நகர்த்தலிலேயே, அப்போது மட்டும், நீங்கள் அதை வெட்டலாம், ஆனால் உங்கள் சிப்பாய் போய் உட்காருவது டி6-இல். ஈ5-ஐ அழுத்துகிறீர்கள், டி6-ஐ அழுத்துகிறீர்கள், முடிந்தது என்று நினைக்கிறீர்கள். மெஷின் ஒன்றும் செய்யாமல் நிற்கும். ஏனென்றால் வெட்டுப்பட்ட சிப்பாய் இன்னும் டி5-இல் கிடக்கிறது, அதை எடுத்து அந்தக் கட்டத்தையும் ஒருமுறை அழுத்த வேண்டும். டி6 இல்லை, டி5. மெஷினே உங்கள் சிப்பாயை இப்படி வெட்டினாலும் அதே கதைதான், காலியாகும் கட்டத்தை அழுத்தும்வரை காத்திருக்கும். இது தெரியாமல் ஆஃப் செய்து ஆன் செய்தால் பல மெஷின்கள் பழைய ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதே இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், "ஹேங் ஆகிவிட்டது" என்று நீங்கள் முடிவு கட்டுவீர்கள். ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் காஸ்லிங்கில் ராஜாவை முதலில் அழுத்துங்கள், யானை அப்புறம். இரண்டு போர்டும் ஒத்துப்போகாமல் குழம்பிவிட்டதென்றால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், புது ஆட்டம் போடுங்கள்.

சர்வீஸ் கடை பற்றி. இந்த மெஷின்களுக்கு ஸ்பேர் இங்கே கிடைப்பதில்லை. கடைக்காரர் எதை மாற்றப் போகிறார்? திறந்து, ஒயரைத் துடைத்து, பின்பக்கம் இருக்கும் ஊசித் துளை ரீசெட்டை அழுத்தி, பில் போட்டுக் கொடுப்பார். அந்தத் துளையில் நீங்களே ஒரு பேப்பர் கிளிப்பை விடலாம், செலவில்லை.

இன்னொரு ஆசாமியும் உங்களைத் தேடி வருவார்: "சார், மாற்றுத்திறனாளி கோட்டாவில் எல்லாம் இலவசமாக வாங்கித் தருகிறேன், கார்டுக்கு மட்டும் கொஞ்சம் செலவாகும்." அவர் சொல்லும் கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, யாருக்கும் ஒரு பைசா தராதீர்கள். அப்பாவிடம் அந்த அட்டை இல்லையென்றால் எப்படியும் எடுத்து வையுங்கள். செஸ் போர்டு பற்றி, தேசிய பார்வைத்திறன் குறைபாடு உடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் சென்னை பூந்தமல்லியில் இருக்கிறது, அங்கே நேரடியாகக் கேளுங்கள். உடனே கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நம் அலுவலகங்களில் கோலும் கண்ணாடியும்தான் "தேவை". 71 வயதில் ஒருவர் செஸ் ஆட ஆசைப்படுகிறார் என்றால் அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவர்களுக்கே தெரியாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரண மர போர்டில் ஓட்டை போட்டு, காய்களுக்கு அடியில் ஆணி வைத்துத் தர எந்தத் தச்சராலும் முடியும். கறுப்புக் கட்டங்களில் அட்டையை வெட்டி ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளத்தில் பார்வையற்றோருக்கான முறை இருக்கிறது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானோடு சேர்த்து இரண்டும் இலவசம். ஆனால் கீபோர்டில் நகர்த்தலைத் தட்டச்சு செய்யப் பழக வேண்டும், அப்பாவுக்குப் பொறுமை இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மெஷினைக் கடையில் விட்டிருந்தால் இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள், அதோடு வந்த அடாப்டரையும் சேர்த்து. அதை இங்கே பிளக்கில் மட்டும் செருகாதீர்கள்: மேலே 120 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும், அதற்குப் பிறகு கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். இங்கே வேறு அடாப்டர் வாங்குவதென்றால் வோல்ட் மட்டும் பார்க்காமல், முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று மெஷினில் வரைந்திருக்கும் படத்தையும் பாருங்கள். அதுவரை நல்ல ஆல்கலைன் பேட்டரி போதும். பேசும்போது குரல் இழுத்தாலோ, பாதியில் அணைந்து எழுந்தாலோ பேட்டரிகளை மொத்தமாக மாற்றிவிடுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காமல்.