சுடச் சொன்ன பிறகு

ஐயா,

‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொடரில் மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடையும் நான்காம் சீசனின் முதல் எபிசோடையும் (‘த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ இரு பாகங்கள்) ஒரே மூச்சில் பார்த்தேன். முதல் பாகம் உலுக்கிவிட்டது. இரண்டாவதில், ‘தூங்கு’ என்ற ஒரே கட்டளையில், எதிரிகளான போர்குகளின் (Borg) கலம் அழிந்துபோகிறது. இவ்வளவுதானா என்றிருந்தது. நானும் ஒரு இணையத் தொடர் எழுதுகிறேன். விண்கலம் வெடிப்பதோடு சீசனை முடிக்கிறேன். இதே குறை எனக்கும் வராமலிருக்க என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

ஏமாற்றம் நியாயம்தான். ஆனால் பழியைத் தூக்கத்தின் மேல் போட வேண்டாம். பாதி உயிரும் பாதி இயந்திரமுமான போர்குகள் ஒரே மனமாக இயங்குபவை. அதுதான் அவற்றின் பலம். ஒருவன் வழியாக உள்ளே நுழைந்தால் எல்லாருக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்பது அந்தப் பலத்திலேயே இருக்கிற ஓட்டை. தர்க்கத்தில் கோளாறில்லை.

கோளாறு எங்கே என்றால், முதல் பாகம் கேட்ட கேள்வி வேறு. அது எண்டர்பிரைஸ் கலத்தின் கேப்டன் பிக்கார்ட் பிழைப்பாரா என்பதல்ல, அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ரைக்கர் கேப்டனாவாரா என்பது. எபிசோட் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ‘மெல்போர்ன்’ கலத்தின் தலைமை அவருக்குக் காத்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு முன்பும் வந்த வாய்ப்புகளை மறுத்தவர் அவர். அவருடைய பதவிக்குக் கண்வைத்து ஷெல்பி என்ற அதிகாரி வந்து நிற்கிறார். போர்குகள் பிக்கார்டைப் பிடித்து, லோகூட்டஸ் என்ற பெயரில் தங்களில் ஒருவராக மாற்றியதும் கேப்டன் நாற்காலி காலியாகிறது. திரையில் தன் கேப்டனின் முகம் தெரியும்போதே சுடச் சொல்கிறார் ரைக்கர். அங்கே வெட்டு. குண்டு பாய்ந்ததா என்பதைக்கூடக் காட்டவில்லை. முடிவெடுத்தாகிவிட்டது, விளைவு தெரியாது. அமெரிக்க ரசிகர்களைப் பதினான்கு வாரம் (1990 ஜூன் 18 முதல் செப்டம்பர் 24 வரை) பிடித்துவைத்தது அந்த இடைவெளிதான்.

முதல் பாகத்தை எழுதும்போது அதன் எழுத்தாளர் மைக்கேல் பில்லரிடம் தீர்வு இல்லை. அடுத்த சீசனுக்குத் தான் இருப்போமா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. அந்த ஊசலாட்டம் ரைக்கருக்கு உயிர் கொடுத்தது, இரண்டாம் பாகத்தில் வட்டியோடு வசூலும் செய்தது. கடைசியில் ரைக்கர் எண்டர்பிரைஸைப் போர்குகளின் கலத்தின் மேல் மோதவிடத் தயாராக நிற்கிறார். மீட்டுவந்த பிக்கார்டின் வழியாக ‘தூங்கு’ கட்டளையை அனுப்பி, டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரி வேலையை முடித்துவிடுவதால் மோத வேண்டியதில்லை. முடிவெடுக்கும் பாரம் ஒருவர் தோளில், முடித்துவைக்கும் கை இன்னொருவருடையது. உங்களுக்குச் சப்பென்று போனது இதனால்தான்.

இருந்தாலும் முதல் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. அவசரமாகப் பார்த்தால் தவறிவிடும். கலத்தின் தட்டு வடிவ முன்பகுதியான சாஸரைத் தனியாகப் பிரிக்கலாம் என்று ஷெல்பி முதல் பாகத்தில் சொல்வார், ரைக்கர் மறுப்பார், ஷெல்பி அவரைத் தாண்டி பிக்கார்டிடம் போவார். அப்போது அலுவலகச் சண்டை மாதிரி இருக்கும். இரண்டாம் பாகத்தில் அதே திட்டத்தை ரைக்கரே கையிலெடுக்கிறார். பிக்கார்டுக்குத் தெரிந்தது லோகூட்டஸுக்கும் தெரியும், ஆகவே எதிரி சாஸரைப் பொருட்படுத்த மாட்டான். எனவே அதிலிருந்தே தாக்கி, அந்தக் குழப்பத்தில் பிக்கார்டை மீட்க டேட்டாவையும் வோர்ஃப் என்ற அதிகாரியையும் ஷட்டில் என்ற சிறு கலத்தில் அனுப்புகிறார். தன் குருவின் அறிவையே குருவுக்கு எதிரான தூண்டிலாக்கிய அந்தக் கணத்தில் ரைக்கர் கேப்டனாகிறார். உச்சம் அதுதான், அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடியதுதான் பிசகு.

பணத்தையும் பேச வேண்டும், உங்களுக்கு அதுதான் உடனடிக் கவலையாக இருக்கும். கதையில் வரும் வுல்ஃப் 359 போரில், எண்டர்பிரைஸின் தரப்பைச் சேர்ந்த நாற்பது கலங்கள் போர்குகளின் கலத்தை எதிர்கொள்கின்றன. 1990-இல் அந்தப் போரை நாம் பார்க்கவே இல்லை. எண்டர்பிரைஸ் வந்து சேரும்போது சிதைந்த ஓடுகள் மிதக்கின்றன, அவ்வளவுதான். ‘மெல்போர்ன்’ கலமும் அங்கேதான் கிடக்கிறது; ரைக்கர் மறுக்காமல் போயிருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போரையே காட்டியது 1993 ஜனவரியில், ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் தொடக்க எபிசோடில். (வுல்ஃப் 359 நிஜமான நட்சத்திரம். சிம்ம ராசி மண்டலத்தில், ஏறக்குறைய 7.9 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் செங்குள்ளன், வெறுங்கண்ணுக்குத் தெரியாது.) ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இரண்டாம் சீசன் எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள்: ரைக்கரைப் படுக்கையில் கிடத்தி, பழைய எபிசோடுகளின் துண்டுகளை ஒட்டி, மூன்றே நாள் படப்பிடிப்பில் ஒப்பேற்றினார்கள்.

இனி உங்கள் கதை. வெடிப்பு ஒரு சம்பவம். அதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு ஒரு காட்சி பின்னால் போங்கள். வெடிக்கவைக்கும் பொத்தானை அழுத்துவது யார்? உள்ளே அவருக்கு வேண்டியவர் இருக்கிறாரா? அந்த உறவு முதல் எபிசோடிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கட்டளை வாயிலிருந்து வந்ததும் வெட்டுங்கள். அதற்கு முன், அடுத்த சீசனின் முதல் எபிசோடை, குறைந்தது கடைசி இரண்டு காட்சிகளையாவது எழுதிவிடுங்கள். பொத்தானை அழுத்தியவரின் கையாலேயே அதுவும் முடிகிறதா என்று சரிபாருங்கள். முடியவில்லையென்றால் மாற்ற வேண்டியது இந்த சீசனைத்தான். வெடிப்பை அடுத்த சீசனுக்குத் தள்ளிவிடலாம். அங்கும் முழுதாகக் காட்டத் தேவையில்லை: மிதக்கும் ஓடுகளும், கூப்பிட்டுக்கொண்டே இருந்தும் பதில் வராத ரேடியோவும் போதும்.