நியூயார்க் பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட நம் ஜமாஅத் பெரியவர்களை எப்படித் தயார்படுத்துவது?

குவீன்ஸில் எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த ஐந்தாறு பேர் 2025 மேயர் பிரைமரிக்கு இந்த வேலையைச் செய்தோம். மம்தானி ஜெயித்தாரே, அந்தத் தேர்தல்தான். அதில் பட்ட அடியிலிருந்தே சொல்கிறேன்.

யாருக்குப் போடுவது என்ற பேச்சு தானாக நடக்கும், அதை விடுங்கள். முதலில் ஒவ்வொருவருடைய வாக்காளர் பதிவையும் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் திறந்து, கட்சி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நியூயார்க்கில் பிரைமரி என்பது கட்சிக்குள் நடக்கும் தேர்தல். ஜனநாயகக் கட்சி என்று பதிந்தவர்தான் அந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். குடியரசுக் கட்சிக்கும் அதே கதை. ஊரில் உறுப்பினர் அட்டை வாங்குவது மாதிரி நினைத்து நம் ஆட்கள் தயங்குகிறார்கள். சந்தா கிடையாது, கூட்டத்துக்குப் போக வேண்டாம், நவம்பர் பொதுத் தேர்தலில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போடலாம்.

கீழக்கரை மாமா ஒருவர், குடியுரிமை வாங்கிய கையோடு படிவம் நிரப்பியபோது "எந்தக் கட்சியும் வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். நமக்கேன் வம்பு என்றுதான். நவம்பர் தேர்தல்களில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் நான் பார்த்துச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. ஏற்கெனவே பதிந்தவர் கட்சியை மாற்றவோ புதிதாகச் சேரவோ பிப்ரவரி 14 கடைசி நாள்; அதற்குப் பிறகு கொடுத்தால் பிரைமரி முடிந்த பின்தான் அமலுக்கு வரும். ஆனால் மே மாதம் குடியுரிமை வாங்கிய அவருடைய மருமகள் புதிதாகப் பதிகிறவர் என்பதால் ஜூன் 14 வரை நேரம் இருந்தது. "இருபது வருஷமா வரி கட்டுறவன் வீட்டுல உக்காரணும், இவ போய் ஓட்டுப் போடணுமா?" மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த நகரத்தில் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர்கள் பல மடங்கு அதிகம். வழக்கமாக யார் மேயர் என்பது ஜூன் பிரைமரியிலேயே தெரிந்துவிடும். அவர் கோபம் நியாயமானதுதான்.

அதனால் ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். நாங்கள் ஜூன் 6 ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து வெளியே மேஜை போட்டு உட்கார்ந்தோம். கூட்டம் நன்றாக வந்தது. ஆனால் வந்தவர்களில் பலருக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டு வைத்திருப்பவரிடம் தப்பித் தவறியும் பதிவுப் படிவத்தை நீட்டாதீர்கள். அவர்களும் நகரத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 2021இல் நகர சபை ஒரு சட்டம் போட்டது. அதை 2025 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பழைய செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர் கேட்டு வருகிறார்கள். குடிமகன் ஆகாதவர் பதிந்தாலே பிற்காலத்தில் குடியுரிமை மறுக்கப்படலாம், நாடு கடத்தவும் செய்யலாம். "நீங்கள் சிட்டிசனா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்போம்.

அப்புறம் வாக்குச்சீட்டு. மேயர் மாதிரியான நகரப் பதவிகளுக்கு, பிரைமரியில் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம்; முதலில் போட்டவர் எண்ணிக்கையில் கழிந்துபோனால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. நாங்கள் ஒரு மாதிரிச் சீட்டு அச்சடித்தோம்: பிரியாணி, நெய்ச்சோறு, இடியாப்பம், புரோட்டா, நோன்புக் கஞ்சி. எதிரே 1 முதல் 5 வரை வட்டங்கள். ஒரு பெரியவர் பிரியாணிக்கு எதிரே ஐந்து வட்டத்தையும் கறுப்பாக்கிக் கொடுத்தார். எங்கள் பையன் ஒருவன் விளக்கினான்: "அஞ்சு தடவை போட்டாலும் ஒரு தடவைதான் கணக்கு. பிரியாணி தீர்ந்துபோனா நீங்க பட்டினி. ரெண்டாவதா நெய்ச்சோறுன்னு போட்டிருந்தா உங்க ஓட்டு அங்க போயிருக்கும்." அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்தால் அந்த இடமும் அதற்குப் பின்னால் உள்ளவையும் செல்லாது என்பதையும் சீட்டிலேயே காட்டினோம். ஆளுநர், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தல்களில் இந்த வரிசை கிடையாது, ஒருவருக்குத்தான் போட வேண்டும். அதையும் சொல்லிவையுங்கள்.

யாரை ஆதரிப்பது என்று பள்ளிவாசல் பெயரில் சொல்லாதீர்கள். வரிவிலக்கு பெற்ற அமைப்பு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்ற சட்டம் 1954 முதல் இருக்கிறது. அது போக, முஸ்லிமான மம்தானி நின்றதால் நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று வெளியே நினைத்தார்கள். மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் ஜமாஅத்தார் இருவரிடம், வாடகை உயர்வை நிறுத்துவேன் என்று பிரச்சாரம் செய்த அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

குவீன்ஸில் வங்காள மொழி பேசுகிறவருக்கு வாக்குச்சாவடியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், தமிழுக்கு ஆள் கிடையாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத உம்மாவோடு மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ உள்ளே போய் உதவலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. வேலை கொடுத்திருக்கும் முதலாளியும் தொழிற்சங்க ஆட்களும் மட்டும் உதவக் கூடாது. "கூடப் போகக் கூடாது" என்று சாவடி ஊழியர் யாராவது மறித்தால், சத்தம் போடாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

முடிந்தவரை முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களில் கூட்டிப் போய்விடுங்கள். பிரைமரி நாளான ஜூன் 24 அன்று எங்கள் பக்கம் 100 பாரன்ஹீட்டைத் தாண்டிய வெயில். கடைசி நாளுக்குக் காத்திருந்த பெரியவர்களைக் காரில் ஏசி போட்டு ஏற்றி இறக்கினோம்.

அன்று ஒரு லாத்தா பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பெரும்பாலும் எதையும் காட்டச் சொல்ல மாட்டார்கள்; கணினிப் பலகையில் கையெழுத்து வாங்கி, பதிவில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள், அவ்வளவுதான். அங்கேதான் லாத்தா மாட்டினார். பதிவுப் படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர், வெள்ளைக்காரர்கள் முன்னால் என்று இங்கிலீஷில் கிறுக்கிவிட்டார். நல்லவேளை, இன்னொரு முறை போடச் சொன்னார்கள். தமிழில் போட்டார். வெளியே வந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார்: "மை வைக்கலியேப்பா?"