கூம்பு ஃபில்டர் போட்டால் வண்டி இழுக்குமா?

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், டர்போ கிடையாது. 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக ஓவர்டேக் செய்யும்போது வண்டி முன்போல இழுப்பதில்லை. கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு ஃபில்டரும் அலுமினியக் குழாயும் போட்டால் 10 முதல் 15 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்கிறார் நண்பர். அவர் வண்டியில் போட்டிருக்கிறார், சத்தமே தனி. என் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் காற்றடித்துப் போடுகிறார்கள், இதுவரை மாற்றியதில்லை. நானும் அந்த கிட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு புதுப் பேப்பர் ஃபில்டர் வாங்கிப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது நண்பரின் கிட் அல்ல, "இதுவரை மாற்றியதில்லை" என்ற வரிதான். கிட் ஏன் வேண்டாம் என்று நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் வண்டியிலேயே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பெட்ரோல் ஒழுங்காக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று, அளவில் சுமார் 9,000 லிட்டர். உங்கள் 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கிறது. 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், முழு மிதி மிதித்தால் நொடிக்கு 60 லிட்டர் வரை போகும். ஆறு வாளி காற்று, ஒரே நொடியில்.

இவ்வளவும் அந்த ஒரு பேப்பர் வழியாகவா போகிறது என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஒருநாள் கழித்துப்போட்ட ஃபில்டர் ஒன்றைக் கத்தியால் அறுத்து, மடிப்புகளைப் பிரித்துத் தரையில் விரித்தேன். ஐம்பது மடிப்பு, ஒவ்வொன்றும் நாலு சென்டிமீட்டர் ஆழம். விரித்தால் நாலு மீட்டர் நீளம், ஒரு சாண் அகலம். கணக்குப் போட்டால் சுமார் 8,000 சதுர சென்டிமீட்டர். அதே காற்று அடுத்து நுழைய வேண்டிய, மிதிக்கேற்பக் காற்றை விடும் தட்டு உள்ள த்ராட்டில் பாடியின் வாய், 50 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், வெறும் 20 சதுர சென்டிமீட்டர். பேப்பரின் பரப்பு அதைப்போல 400 மடங்கு. பேப்பரின் நுண்துளைகள் மிகச் சிறியவை என்பது உண்மைதான். ஆனால் பரப்பு இவ்வளவு இருப்பதால் காற்று அதில் அவசரமே இல்லாமல் ஊர்ந்து கடக்கிறது.

காற்று வரும் பாதையைப் பார்ப்போம். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலேயோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ ஒரு பிளாஸ்டிக் வாய் தெரியும். அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஜின் சூடு படாத காற்று கிடைக்க வேண்டும், தேங்கிய தண்ணீரும் எட்டக்கூடாது. அங்கிருந்து ஃபில்டர் பெட்டி, பிறகு ஒரு குழாய். குழாயின் பக்கவாட்டில் வால் முளைத்த மாதிரி ஒரு வெற்றுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேலையில்லாமல் தொங்குகிறது என்று பலர் அதை அறுத்துப் போடுகிறார்கள். அதுதான் ரெசொனேட்டர், உறிஞ்சும் இரைச்சலை அடக்குவது. அடுத்து த்ராட்டில் பாடி, கடைசியாகச் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டு, வால்வு, சிலிண்டர்.

இந்தப் பாதையில் உண்மையான வித்தை இருப்பது மேனிஃபோல்டில்தான். வால்வு படக்கென்று மூடும்போது ஓடிவந்த காற்று முட்டி நிற்கிறது. அந்த முட்டலில் எழும் அழுத்த அலை குழாயில் பின்னோக்கி ஓடி, மறுமுனையில் பட்டுத் திரும்புகிறது. வால்வு அடுத்த முறை திறந்திருக்கும் நேரத்தில் அலை வந்து சேருமாறு குழாயின் நீளத்தை அமைத்துவிட்டால், அது கொஞ்சம் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். நீளக் குழாய் குறைந்த ஆர்பிஎம்முக்கு உதவும், குட்டைக் குழாய் அதிக ஆர்பிஎம்முக்கு. சில வண்டிகளில் நீளத்தை ஓட்டத்திலேயே மாற்றும் மடலும் உண்டு. நண்பரின் கிட் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அது மாற்றுவதெல்லாம் த்ராட்டிலுக்கு முந்தைய பகுதியை.

மைலேஜ் கதைக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் காற்றை நெரிப்பது ஃபில்டர் இல்லை, த்ராட்டில் தட்டு. நெரிப்பதுதான் அதன் வேலை, அப்படித்தான் சக்தியைக் கட்டுப்படுத்துகிறோம். மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐட்லிங்கில், வெளியே காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால், மேனிஃபோல்டுக்குள் 30, 40தான் இருக்கும். அதாவது 60 கிலோபாஸ்கலை நாமே வேண்டுமென்று அடைத்து வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் ஃபில்டர் ஒன்றரை கிலோபாஸ்கல் தடுத்தால் என்ன, அரை கிலோபாஸ்கல் தடுத்தால் என்ன? கால் தானாக ஒரு நூல் கூடுதலாக மிதித்துச் சரிக்கட்டிவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் வண்டிகளில் அடைபட்ட ஃபில்டர் மைலேஜைச் சொல்லும்படி குறைக்கவில்லை, முழு மிதியில் வேகம் எடுப்பதைத்தான் மந்தமாக்கியது. அடைபட்ட ஃபில்டரே மைலேஜைத் தின்னவில்லை என்றால், நல்ல ஃபில்டரை எடுத்துவிட்டுக் கூம்பு போட்டு மைலேஜ் எங்கிருந்து வரும்? கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் விகிதமே கெட்டுப்போகும். அந்தக் காலத்து அறிவுரைதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, முழு மிதியில்? அங்கேதான் அளந்து பார்க்கலாம். வண்டியின் சென்சார் அளவுகளைப் படித்துப் போனில் காட்டும் சின்ன ஓபிடி கருவி ஒன்று போதும். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மேனிஃபோல்டு அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகே 100 கிலோபாஸ்கல் ஒட்டி இருக்கும், உயரமான இடமென்றால் குறையும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில், இரண்டாவது கியரில், ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கம் வரை முழு மிதி மிதியுங்கள். போனைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். 100 இருந்தது 95 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 கிலோபாஸ்கல்தான் வாயிலிருந்து மேனிஃபோல்டு வரை எல்லாத் தடைகளும் சேர்த்து. புது ஃபில்டர் போட்டு அதே சாலையில் மறுபடி பாருங்கள். 97க்கு ஏறினால், பழைய ஃபில்டர் மட்டுமே 2 கிலோபாஸ்கலை விழுங்கியிருக்கிறது.

உத்தேசமாக ஒரு கிலோபாஸ்கலுக்கு ஒரு சதவீதம் சக்தி. 80 குதிரைத்திறன் இன்ஜினில் அது முக்கால் குதிரைக்குச் சற்றே மேல். மிச்சமிருக்கும் 3 கிலோபாஸ்கலில் த்ராட்டிலின் பங்கும் வளைவுகளின் பங்கும் இருக்கின்றன. எல்லாத் தடையையும் மந்திரத்தால் நீக்கினாலும் இரண்டரைக் குதிரைக்கு மேல் வராது. 15 குதிரை எங்கே ஒளிந்திருக்கிறது என்று நண்பரைக் கேளுங்கள்.

ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வேகம் கூடியதாகத் தோன்றியிருக்கும். ரெசொனேட்டரும் மூடிய பெட்டியும் போனதும், மிதிக்கும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வருகிறது. காது சொல்வதைக் கால் நம்பிவிடுகிறது. சத்தத்துக்காகவே போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், அது அவரவர் ரசனை.

சத்தத்தோடு வரும் மற்ற விஷயங்கள்தான் எனக்கு உறுத்தல். முதலாவது சூடு. பெட்டி இல்லாத கூம்பு இன்ஜின் பக்கத்துக் காற்றையே உறிஞ்சும். ஓபிடியில் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்கலாம். நெரிசலில் ஊர்ந்து வந்த பிறகு, வெளியே 30 டிகிரியாக இருக்க, திறந்த கூம்பு 55 டிகிரிக் காற்றை இழுத்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். தடையைக் குறைத்து ஒரு சதவீதம் சம்பாதித்து, சூட்டில் ஏழு சதவீதத்தைத் தொலைக்கிற வியாபாரம் அது. காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுமீறித் தானாக வெடிப்பது) வரும் என்று, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இக்னிஷன் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும்.

அப்படியானால் குழாயைப் பம்பருக்குள் இறக்கி, கீழே குளிர்ந்த காற்றை எடுக்கலாமே என்பார்கள். கிட்களில் அப்படியும் உண்டு. சூட்டுப் பிரச்சினை தீரும், தண்ணீர்ப் பிரச்சினை வரும். உங்கள் மாதிரி இன்ஜினில் நாலு சிலிண்டர் என்றால், ஒன்று 300 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம், பத்துக்கு ஒன்று அமுக்க விகிதத்தில், 33 சிசி. அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். இப்படி வளைந்த ராடு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மேசைமேல் நிறுத்தினால் லேசாகச் சாய்ந்து, பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மொத்த இன்ஜினும் போயிருந்தது. வண்டி தண்ணீரில் நின்றதும், அதன் சொந்தக்காரர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். அதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று எண்ணெய். கழுவிப் பயன்படுத்தும் பருத்தித் துணி ஃபில்டர்களில் எண்ணெய் தடவ வேண்டும். அளவு மிஞ்சினால் அது காற்றோடு போய், காற்றின் அளவைப் பார்க்கும் எம்ஏஎஃப் சென்சாரின் சூடான கம்பியில் படியும். சென்சார் தப்பாகப் படிக்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும். குழாயின் விட்டத்தை மாற்றினாலும் இதே கதிதான், ஏனென்றால் அந்தச் சென்சார் பழைய விட்டத்துக்குக் கணக்குப் போடப்பட்டது. பெரிய குழாயில் காற்று மெதுவாகப் போவதால், குறைவான காற்று வருகிறது என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். உங்கள் வண்டியில் எம்ஏஎஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்த சென்சார் மட்டும் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. சிறிய இன்ஜின்கள் பலவற்றில் அப்படித்தான்.

டர்போ வண்டிக்காரர்களுக்கு என் பதில் கொஞ்சம் மாறும். டர்போவில் காற்றை அமுக்கித் தள்ளும் கம்ப்ரஸருக்கு முன்னால் இழக்கும் ஒரு கிலோபாஸ்கல், இரண்டு மடங்கு அமுக்கும் டர்போவில் பின்னால் இரண்டாகப் பெருகும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஈசியூவின் கணக்கு அட்டவணையான மேப்பை மாற்றி டர்போ தரும் அழுத்தத்தை (பூஸ்ட்டை) கூட்டியிருந்தால், அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு காற்று வரும் பாதையையும் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் மூடிய பெட்டியுள்ள கிட்தான், திறந்த கூம்பு அல்ல.

உங்கள் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுமுன் ஒன்று செய்யுங்கள். பின்னால் ஒரு டார்ச் பிடித்து மடிப்புகளைப் பாருங்கள். ஊசிமுனை மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், சர்வீஸில் அடித்த காற்று பேப்பரைக் கிழித்திருக்கிறது. வேகமான காற்று தூசியோடு இழைகளையும் பிய்க்கும், அதனால்தான் காற்றடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பார்க்க லேசாக அழுக்கான ஃபில்டரைப் பற்றிப் பதறவும் வேண்டாம். மேலே படிந்த தூசியே மெல்லிய சல்லடையாகி, புதிதைவிட நன்றாக வடிகட்டும். மாற்றும் இடைவெளிக்குக் கையேட்டைப் பாருங்கள், புழுதிச் சாலை என்றால் அதற்கும் முன்பே மாற்றுங்கள்.

அப்புறம், ஃபில்டர் தாண்டிய குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். மணல் மாதிரி நறநறத்தால் தூசி பேப்பரைத் தாண்டியிருக்கிறது. குழாயை வளைத்து விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ஃபில்டர் போட்டும் இழுவை திரும்பவில்லை என்றால் காரணம் காற்றுப் பக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஸ்பார்க் பிளக், கிளட்ச் வழுக்கல், ஒட்டிப் பிடிக்கும் பிரேக் என்று மெக்கானிக்கிடம் வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். த்ராட்டில் தட்டின் ஓரத்துக் கரியைத் துடைத்தால் ஐட்லிங் சீராகும், ஆனால் முழு மிதி இழுவையில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

புது ஃபில்டரை வைக்கும்போது, பெட்டியின் அடியில் கிடக்கும் சருகையும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு கிளிப்பைப் போடுங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தால் தூசி அந்த வழியாகத்தான் போகும்.